இல்லாத புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்துவிட்டால்: சிங்கப்பூரில் அடுத்துச் செய்ய வேண்டியவை

அறுவை சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து மருத்துவர் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். எடுத்த உறுப்பில் புற்றுநோய் இல்லை என்கிறார். வீட்டில் பாதிப் பேர் கோயிலுக்குக் கிளம்புவார்கள், பாதிப் பேர் வழக்கறிஞரைத் தேடுவார்கள். இரண்டும் சில நாள் பொறுக்கலாம். புற்றுநோயாளி என்ற முத்திரை மாத்திரைப் பையில், மருத்துவமனைக் கணினியில், காப்புறுதிக் கோப்பில், அக்கா தங்கையின் பரிசோதனைச் சீட்டில் எல்லாம் இன்னும் குத்தியபடியே இருக்கிறது. போன உறுப்பு திரும்பாது. ஆனால் அந்த முத்திரை இருக்கும்வரை கெடுதல் தொடரும், அதை நிறுத்த முடியும். ஆகவே இந்த வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது.

உண்மையிலேயே தவறுதானா?

‘எடுத்த திசுவில் புற்றுநோய் இல்லை’ என்பதும் ‘முதலிலிருந்தே புற்றுநோய் இல்லை’ என்பதும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மார்பகத்திலும் புரோஸ்டேட்டிலும் கட்டி மிகச் சிறியதாக இருந்தால், ஊசி வைத்து எடுத்த முதல் திசுத் துண்டோடு அது முழுவதும் வந்துவிடுவது உண்டு. பிறகு அறுவை சிகிச்சையில் எடுத்த பகுதியில் ஒன்றும் தென்படாது. அப்போது நோயறிதல் சரி. தொடர் கண்காணிப்பும் வேண்டும். அறுவைக்கு முன்பே கீமோதெரபி கொடுத்திருந்தால், கட்டி கரைந்து போயிருப்பது சிகிச்சையின் வெற்றி.

மூன்றாவது நிலை கொஞ்சம் சிக்கலானது. சில உறுப்புகளில் அறுவை சிகிச்சையே பரிசோதனை. தைராய்டில் ஊசிப் பரிசோதனை முடிவு பெத்தெஸ்டா 3 அல்லது 4 (தீங்கற்றது என்றோ புற்றுநோய் என்றோ அறுதியிட முடியாத நடுத் தரங்கள்) என்று வந்தால், ஒரு மடலை எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா என்று உறுதியாகச் சொல்ல முடியும். சிறுநீரகக் கட்டியைப் பலமுறை திசு எடுக்காமலேயே அகற்றுவார்கள். அது ஆன்கோசைட்டோமா என்ற தீங்கற்ற கட்டி என்று பிறகு தெரியவரும். ஒப்புதல் படிவத்தில் ‘சந்தேகம்’ என்று எழுதியிருந்தார்களா, ‘புற்றுநோய்’ என்று எழுதியிருந்தார்களா என்று பாருங்கள். பின்னால் புகார் நிற்குமா நிற்காதா என்பதில் அந்த ஒரு சொல்லுக்குப் பங்கு உண்டு.

தைராய்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2016-ல் ஒருவகை உறைசூழ்ந்த ஃபோலிக்குலர் கட்டி புற்றுநோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டு ‘நிஃப்ட்பி’ என்று புதுப்பெயர் பெற்றது. அதற்கு முன் புற்றுநோய் என்று எழுதியவர் அன்றைய விதிப்படிதான் எழுதினார்.

மிஞ்சுவது உண்மையான தவறு. அது பெரும்பாலும் இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, தீங்கற்றதைத் தீங்கானதாகப் பார்ப்பது: மார்பகத்தில் ஸ்கிளிரோசிங் அடினோசிஸ், ரேடியல் ஸ்கார், கணையத்தில் தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி, நுரையீரலில் பெட் ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிரும் காசநோய்க் கட்டி. மற்றொன்று ஆய்வகக் குளறுபடி: இருவர் திசு மாறிப்போவது, அல்லது இன்னொருவரின் திசுத் துணுக்கு தண்ணீரிலோ கருவியிலோ ஒட்டிக்கொண்டு உங்கள் சிலைடில் வந்து விழுவது.

திசு மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு எழுதுங்கள். உங்களுக்கு இல்லாத நோய் வேறொருவருக்கு இருக்கிறது. அவரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சிலைடுகளும் மெழுகுத் துண்டுகளும்

உடலிலிருந்து எடுத்த திசு பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு ‘பிளாக்’ ஆகிறது. அதை ஏறத்தாழ 4 மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றினால் சிலைடு. உங்கள் வழக்கின் அசல் சாட்சி இவைதான், அறிக்கைக் காகிதம் அல்ல. ஆய்வகங்கள் இவற்றைக் குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருக்கும். எனவே முதல் கடிதம் ஒரே வேண்டுகோளோடு போகட்டும்: முதல் திசுப் பரிசோதனை, அறுவைத் திசு இரண்டின் எல்லா பிளாக்குகளையும் சிலைடுகளையும் மறு அறிவிப்பு வரும்வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்தது என்ற பதிலை வாங்குங்கள்.

அடுத்து ஆவணங்கள். மருத்துவமனையின் மருத்துவப் பதிவு அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: முதல் திசுப் பரிசோதனை அறிக்கை, அறுவைத் திசு அறிக்கை, இரண்டிலும் பின்னால் சேர்த்த திருத்தங்கள், ஸ்கேன் படங்கள் (அறிக்கை மட்டும் போதாது, படக் கோப்பும் வேண்டும்), அறுவைக் குறிப்பு, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசிய கூட்டத்தின் குறிப்பு. ஹெல்த்ஹப் செயலியில் தெரிவது இவற்றில் ஒரு பகுதிதான்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. முகப்பில் ‘மெடிக்கல் ரிப்போர்ட்’ என்று கேட்டால், மருத்துவர் புதிதாக எழுதித் தரும் சுருக்கம்தான் கிடைக்கும். அதற்குத் தனிக் கட்டணம், பல வாரக் காத்திருப்பு. உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே உள்ள பதிவுகளின் நகல். ‘ரெக்கார்ட்ஸ் காப்பி’ என்று தெளிவாகக் கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-ன்படி உங்களைப் பற்றிய தகவலைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. 30 நாளில் தர இயலாவிட்டால் எப்போது தர முடியும் என்றாவது எழுத்தில் சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் வாங்கலாம்.

மறு ஆய்வை அந்த உறுப்பையே தொழிலாக வைத்திருக்கும் நோயியல் மருத்துவரிடம் கொடுங்கள். மார்பகத் திசுவைத் தினமும் பார்ப்பவர் கணையத்துக்குச் சரியான ஆள் என்று சொல்ல முடியாது. முதல் திசு, அறுவைத் திசு இரண்டும் ஒரே மருத்துவரிடம், ஒரே நேரத்தில் போக வேண்டும். தனித்தனியாகப் போனால் இரண்டு நல்ல அறிக்கைகள் கிடைக்கும், பதில் கிடைக்காது. வயது, ஸ்கேன் விவரம், முன்பு பெற்ற சிகிச்சை எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லலாம். முந்தைய முடிவு என்ன, நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் கொடுத்தால் நல்லது.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்ப விரும்புவோர் உண்டு. முதலில் பேசி, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சாயமேற்றாத புதுச் சீவல்கள் சில போதும். பிளாக் முழுவதையும் கையைவிட்டு அனுப்பாதீர்கள். வழியில் தொலைந்தால் திரும்பப் பெற ஒன்றும் இல்லை. சிலைடுகளைப் பிளாஸ்டிக் சிலைடு உறையில் வைத்துக் கைப்பையில் எடுத்துப் போங்கள். மெழுகு 55 முதல் 60 டிகிரி செல்சியசில் உருகும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் பிளாக்கை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது வேண்டாம்.

திசு மாறிப்போனதா என்ற கேள்விக்கு மரபணு அடையாளப் பரிசோதனை பதில் சொல்லும். உங்கள் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் எடுத்த மாதிரியை பிளாக்கில் உள்ள திசுவோடு ஒப்பிடுவார்கள். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் இதை நீங்களே செய்யாமல் வழக்கறிஞர் வழியாகச் செய்யுங்கள். திசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது

மறு ஆய்வு முடிவு கையில் வந்ததும் மருத்துவரிடம் மருந்துப் பட்டியலைக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது புற்றுநோய்க்காகவா, இல்லை உறுப்பு போனதற்காகவா? முதல் வகையை நிறுத்தலாம், இரண்டாம் வகையை நிறுத்தக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளான டமோக்சிஃபென், அரோமடேஸ் தடுப்பான்கள் முதல் வகை. தைராய்டு முழுவதும் எடுத்தவருக்கு லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) இரண்டாம் வகை. ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்திருந்தால் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஹெர்செப்டின் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து பெற்றவர்கள் இதய எக்கோ எடுக்க வேண்டும். இதயத்தின் இறைக்கும் திறனை அந்த மருந்து குறைக்கக்கூடும். இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. 2020 டிசம்பரில் கூ டெக் புவாட் மருத்துவமனை, தன் ஆய்வகத்தில் மார்பகப் புற்றுநோய்த் திசுவுக்குச் செய்த ஹெர்2 பரிசோதனையில் (ஹெர்செப்டின் தேவையா என்று முடிவு செய்யும் பரிசோதனை) தவறான முடிவுகள் வந்திருந்ததாக அறிவித்தது. ஏறத்தாழ 90 பேர் தேவையில்லாத சிகிச்சை பெற்றிருக்கக்கூடும் என்றது. அவர்களுக்குப் புற்றுநோய் இருந்தது. அதன் வகை பிசகியது. நோய் இருப்பவருக்கும் தேவையற்ற மருந்து போகலாம் என்பதற்கு அது உதாரணம்.

கீமோ மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட் என்ற சிறு கருவியை எடுத்துவிடச் சொல்லுங்கள். சும்மா இருந்தால் தொற்றும் ரத்தக்கட்டும் வர வழி. கதிர்வீச்சு, கீமோ ஏதாவது பெற்றிருந்தால் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எந்த மருந்து மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்ற சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கி வையுங்கள். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு இருக்கிறது. பின்னாளில் உண்மையாகவே ஏதாவது வந்தால், முன்பு எவ்வளவு போனது என்று தெரியாமல் அடுத்த மருத்துவர் தடுமாறக் கூடாது.

உறுப்பு போன உடம்பைப் பார்த்துக்கொள்வது

தைராய்டு எடுத்தவர்களுக்கு முத்திரை செய்யும் கெடுதல் தெளிவாகத் தெரியும். புற்றுநோய் என்று நினைத்தால், கட்டி திரும்பி வராமலிருக்க, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவை வேண்டுமென்றே இயல்புக்குக் கீழே தள்ளும் அளவுக்கு லெவோதைராக்சின் கொடுப்பார்கள். புற்றுநோய் இல்லை என்றால் அந்தக் கூடுதல் அளவு வெறும் நஷ்டம். இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு மெலியும். குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது பெரிய விஷயம். ‘சப்ரஷன் டோஸிலிருந்து ரீப்ளேஸ்மென்ட் டோஸுக்கு மாற்ற வேண்டும்’ என்று மருத்துவரிடம் இதே சொற்களில் கேளுங்கள். முழுச் சுரப்பியும் போனவருக்கு வழக்கமான தொடக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில் இருக்கும்: 60 கிலோ உள்ளவருக்கு 100 மைக்ரோகிராமை ஒட்டி. அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு வாரத்தில் எடுத்தால் எண் ஏமாற்றும்.

மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதன்பின் 30 முதல் 60 நிமிடம் எதுவும் கூடாது. கோப்பி, தே தாரிக், சோயா பால் எல்லாமே மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். விடிகாலையில் காப்பிக் கடையில் கோப்பியோடு மாத்திரையை விழுங்குவதுதான் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குப் பல நேரம் காரணம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் மதமதப்பு வந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம். அதோடு தசை இழுத்துப் பிடித்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கருப்பையோடு சூலகங்களையும் எடுத்திருந்தால், மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்னரே உடம்பு அந்த நிலைக்குத் தள்ளப்பட்டுவிடும். வெப்ப அலை, தூக்கமின்மை, பின்னாளில் எலும்புத் தேய்வு, இதய நோய். ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை இதற்கு நல்ல வழி. ஆனால் கோப்பில் புற்றுநோய் என்று இருக்கும்வரை அதைத் தர மருத்துவர் தயங்குவார். இப்போது அந்தத் தடை இருக்கிறதா என்று மறுபடி கேளுங்கள். 45 வயதுக்குக் கீழ் என்றால் கட்டாயம் கேளுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

மார்பகம் எடுத்தவர்களுக்கு: மறுசீரமைப்பு அறுவையை அப்போது செய்யாவிட்டால் பிறகும் செய்யலாம். செய்யத்தான் வேண்டும் என்று யாரும் தள்ள வேண்டாம். அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கும் அபாயம் புற்றுநோய் இருந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. கை கனமாகத் தோன்றினாலோ மோதிரம், வளையல் இறுக ஆரம்பித்தாலோ உடனே இயன்முறை மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் அமுக்க உறையும் உடற்பயிற்சியும் பெரும்பாலும் கட்டுப்படுத்தும். பல மாதம் விட்டுவிட்டால் திசு இறுகிவிடும்.

கணையத் தலையை எடுக்கும் விப்பிள் அறுவை இந்தப் பட்டியலிலேயே கடினமானது. மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, கழிப்பறையில் ஒட்டிக்கொண்டால் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். அதற்குக் கணைய நொதி மாத்திரை: முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லிப்பேஸ் யூனிட், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பது வழக்கமான தொடக்கம். சாப்பிடுவதற்கு அரைமணி முன்பாக விழுங்கினால் பயன் இல்லை. முதல் வாயோடு ஒரு பகுதி, நடுவில் மீதி என்று உணவோடு கலக்க வேண்டும். தயிர்ச் சோறுக்கும் நெய் ஊற்றிய பிரியாணிக்கும் ஒரே அளவு போதாது. இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. முஸ்லிம்களும் சைவம் மட்டும் உண்பவர்களும் இதை மருத்துவரிடமும் தங்கள் மார்க்க அறிஞரிடமும் வெளிப்படையாகப் பேசி முடிவெடுப்பது நல்லது. சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டு எடை குறைந்துகொண்டே போவதுதான் மோசம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் ரத்தச் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கணைய வாலோடு மண்ணீரலும் போயிருந்தால் நியுமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பாருங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் பனடால் போட்டுக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய் ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு சிறுநீரகம் போனவர்கள் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்து, ஆண்டுதோறும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். முழு இரைப்பையும் போனவருக்கு வாழ்நாள் முழுக்க வைட்டமின் பி12. புரோஸ்டேட் எடுத்தவர்களுக்குச் சிறுநீர்க் கசிவு ஓராண்டு வரைகூட மெல்ல மெல்லக் குறையும். இடுப்புத் தளப் பயிற்சியைச் சொல்லித்தர இயன்முறை மருத்துவர் உண்டு. வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம்.

முத்திரையைக் காகிதத்திலிருந்து எடுப்பது

மருத்துவரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நீளம் வேண்டாம். நான்கு விஷயம் இருந்தால் போதும்: இன்ன தேதியில் சொன்ன நோயறிதல் இன்ன தேதி மறு ஆய்வில் திருத்தப்பட்டது; புற்றுநோய் இருந்ததற்குச் சான்று இல்லை; புற்றுநோய்க்கான தொடர் கண்காணிப்போ சிகிச்சையோ தேவையில்லை; அறுவையின் விளைவாக இன்னின்ன மருந்தும் பரிசோதனையும் தேவை. ‘புற்றுநோய் குணமானது’ என்ற பாணியில் எழுதினால் திருப்பிக் கொடுங்கள். குணமானது என்றால் இருந்தது என்று ஆகிவிடும்.

இந்தக் கடிதம் போக வேண்டிய இடங்கள் பல. மருத்துவமனையின் மின்பதிவில் நோய்ப் பட்டியல் திருத்தப்பட வேண்டும். பழைய அறிக்கையை அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது, அதன்மேல் திருத்தக் குறிப்பு சேர்க்க வேண்டும். குடும்ப மருத்துவர், பலதுறை மருந்தகம், பல் மருத்துவர் ஆகியோருக்கு நகல். சிங்கப்பூரில் புற்றுநோய் அறிவிக்கப்பட வேண்டிய நோய். தேசிய நோய்ப் பதிவேட்டுச் சட்டப்படி சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்துக்கு உங்கள் விவரம் போயிருக்கும். அந்த அறிவிப்பைத் திருத்தியாயிற்றா என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் உறவினர்கள். ‘அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்’ என்று மகளும் தங்கையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லியிருப்பார்கள். அதனால் மேமோகிராமை முன்கூட்டியே எடுத்திருக்கலாம், மரபணுப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருக்கலாம், காப்புறுதி விண்ணப்பத்தில் எழுதியிருக்கலாம். ஊரில் இருக்கும் சித்தி, பெரியம்மா பிள்ளைகள் வரை இது போயிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் பாதி வேலை முடிந்தது. பரிசோதனை தொடங்கியவர்களுக்கு மட்டும் கடித நகலைத் தனியாக அனுப்புங்கள்.

பணம், காப்புறுதி, வேலை

கடும்நோய்க் காப்புறுதியில் புற்றுநோய்க்கு இழப்பீடு கிடைத்திருந்தால் இது நெருடலான இடம். அந்த ஒப்பந்தங்கள் திசு ஆய்வில் உறுதியான புற்றுநோயைத்தான் ஏற்கும். நோயறிதல் தப்பு என்றால் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கேட்க இடம் உண்டு. மறைக்கவும் வேண்டாம், பதறிப்போய் முகவரிடம் தொலைபேசியில் கொட்டவும் வேண்டாம். ஒப்பந்தத்தோடு வழக்கறிஞரைப் பார்த்தபின் எழுத்தில் சொல்லுங்கள். அந்தத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அதுவும் நீங்கள் கேட்கும் நஷ்டத்தில் ஒரு வரியாகலாம்.

ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டத்தில் ‘புற்றுநோய்க்கு விலக்கு’ என்று சேர்த்திருந்தாலோ சந்தாவை ஏற்றியிருந்தாலோ நீக்கக் கோருங்கள். மறுத்தால், நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையமான ஃபிட்ரெக் இந்தப் புகாரை ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை கட்டணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டால், மெடிசேவிலிருந்து போன பகுதி மெடிசேவுக்கே திரும்பும். கையில் ரொக்கமாக வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு: 2023 ஜூலை 1 முதல் முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. புற்றுநோய் என்று சொல்லி ஊருக்கு அனுப்பப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் திருத்தக் கடிதத்தை நிறுவனத்துக்கு உடனே கொடுங்கள். எப்படியும் ஊர் திரும்புகிறீர்கள் என்றால், விமானம் ஏறும் முன் பதிவு நகல்களை வாங்கி, இங்கே ஒரு வழக்கறிஞருக்கோ நம்பகமானவருக்கோ எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து தொலைபேசியில் பதிவு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

மருத்துவமனையோடு பேசுவது, புகார், வழக்கு

முதலில் நேரில் விளக்கம் கேளுங்கள். அறுவை மருத்துவர் மட்டும் வந்தால் போதாது. நோயியல் மருத்துவரும் அறையில் இருக்க வேண்டும். தமிழில் பேச வசதி என்றால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைகள் கெட்ட செய்தியை மெழுகிச் சொல்வார்கள். கூட்டம் முடிந்த அன்றே, பேசியதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

கட்டணத் தள்ளுபடியோடு ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்கள் உள்ள தாளைக் கொடுத்தால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். 20,000 வெள்ளித் தள்ளுபடி பெரிதாகத் தெரியும். 40 வயதுக்காரர் இன்னும் பல பத்தாண்டு வாங்க வேண்டிய நொதி மாத்திரை, ரத்தப் பரிசோதனை, வேலை நாள் இழப்பு எல்லாம் போட்டுப் பார்த்தபின் பேசுங்கள்.

நான்கு கதவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு அறைக்குப் போகும். அரசு மருத்துவமனைகளின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் நடத்தும் சுகாதார மத்தியஸ்தத் திட்டம், விளக்கமும் மன்னிப்பும் இழப்பீடும் பேசி முடிக்க விரும்புவோருக்கு. சிங்கப்பூர் மருத்துவ மன்றம், மருத்துவரின் நடத்தைமீது புகார் செய்ய. எழுத்தில், சத்தியப் பிரமாணத்தோடு தர வேண்டும், அது உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. சுகாதார அமைச்சு, ஆய்வகத்தின் அல்லது மருத்துவமனையின் செயல்முறைமீது புகார் செய்ய. நான்காவது நீதிமன்றம்.

நீதிமன்றத்தைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும்: நோயறிதல் தவறு என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று சந்தேகித்து 2010-ல் இங்கே விப்பிள் அறுவை நடந்தது. எடுத்த திசுவில் கட்டி இல்லை. அந்த வழக்கில் 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நோயாளியின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நோயாளிக்குச் சொல்ல வேண்டிய ஆலோசனையை எப்படி அளப்பது என்று புது அளவுகோல் தந்த முக்கியமான தீர்ப்பு அது. ஆனால் வழக்குப் போட்டவர் தோற்றார். 2022 ஜூலை 1 முதல் ஆலோசனைக்கான அளவுகோல் குடியியல் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் இருக்கிறது. திறமையான இன்னொரு மருத்துவரும் அன்றைய தகவலை வைத்து இதே முடிவுக்கு வந்திருப்பார் என்று நிபுணர் சொன்னால் வழக்கு நிற்பது கடினம். திசு மாறிப்போன வழக்குகள் இதைவிட வலுவானவை. அங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

காலக்கெடு: சம்பவத்திலிருந்து, அல்லது பாதிப்பையும் அதன் காரணத்தையும் நீங்கள் அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. எப்படியானாலும் 15 ஆண்டுக்குமேல் போக முடியாது. அறிந்த நாள் எது என்பதே சண்டையாகலாம், ஆகவே அறுவை நாளிலிருந்தே எண்ணுங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம். குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள, வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அவர்கள் வருமானத்தோடு வழக்கின் வலுவையும் பார்ப்பார்கள்.

வீடும் மனமும்

‘இல்லன்னு தெரிஞ்சதே பெரிசு, விடுப்பா’ என்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்தது பலித்தது என்பார்கள். சொல்பவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் நல்ல செய்தி கேட்டும் ஏன் கோபம் வருகிறது என்று பாதிக்கப்பட்டவர் தன்மீதே சந்தேகப்படத் தொடங்கிவிடுகிறார். நிம்மதியும் கோபமும் ஒரே நேரத்தில் இருப்பது இயல்பு. வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: ஆறுதலைக் கொஞ்சம் நிறுத்தி, மருந்து வாங்கப் போகும்போது கூடப் போங்கள்.

புற்றுநோய் ஆதரவுக் குழுக்களில் இருந்தவர்கள் இப்போது அங்கே போகக் கூசுவதுண்டு. ஒரு மருத்துவச் சமூகப் பணியாளரைக் கேட்டு மனநல ஆலோசகரிடம் போவது அதைவிடப் பொருந்தும். தவறு நடந்த அதே மருத்துவமனையில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தூக்கமின்மை, மருத்துவமனை வாசலைப் பார்த்தாலே படபடப்பு, அறுவை நாள் திரும்பத் திரும்பக் கண்ணில் வருவது ஆகியவை ஒரு மாதத்துக்குமேல் நீடித்தால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எஸ்ஓஎஸ் 1767, 24 மணி நேரமும். பொதுவான மனநல உதவிக்கு 1771.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது

பலர் இதற்குப்பின் எந்தப் பரிசோதனைக்கும் போவதில்லை. ஒரு மார்பகம் போனாலும் மற்றொன்றுக்கு மேமோகிராம் வேண்டும். 50 முதல் 69 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. புற்றுநோய் இல்லாத வழக்கமான அட்டவணைக்குத்தான் நீங்கள் திரும்புகிறீர்கள்.

மறுபடி திசு எடுக்க நேர்ந்தால், குப்பியில் ஒட்டிய பெயரையும் அடையாள எண்ணையும் அறையைவிட்டு வெளியேறும் முன் நீங்களே படித்துப் பாருங்கள். முடிவு புற்றுநோய் என்று வந்தால் இரண்டு நோயியல் மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்களா, அது அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேனும் திசுவும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் கேளுங்கள். ஸ்கேனில் சாதுவாகத் தெரிந்தது திசுவில் மட்டும் மோசமாக வந்தால், அல்லது அதற்கு மாறாக வந்தால், மறுபடி பார்க்க அதுவே போதுமான காரணம். பெரும்பாலான புற்றுநோய்களில் இரண்டாவது கருத்துக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் கெடுதல் இல்லை. ரத்தப் புற்றுநோய், அடைப்பு, ரத்தக் கசிவு போன்ற அவசர நிலைகள் மட்டும் விதிவிலக்கு. உங்களுடையது அதில் சேருமா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிட்டுத் தேதி கொடுங்கள்.